அப்பா நடந்தால் கத்தும் பூனை

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்றும் கத்தியது.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார், கத்தியது. குளிக்கப் போனார், கத்தியது. ஈரத் தலையோடு திரும்பி வந்தார், அப்போதும் கத்தியது. அம்மா நடந்தால் எங்கள் பூனை செமோங் கத்துவதில்லை. நான் தாண்டிப் போனால் கண்ணைக்கூடத் திறப்பதில்லை. அப்பாவுக்கு மட்டும்தான். பசிக்குக் கத்துகிற கத்தல் இல்லை இது. நீளமாக, அடிவயிற்றிலிருந்து.

அப்பா சிரிக்கிறார். “எம்மேல என்ன கோபமோ இந்தக் கரிமூஞ்சிக்கு” என்கிறார்.

ஏன் கத்துகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தூக்கம் வரவில்லை. இதை ஜாவானிய மொழிப்பாட நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். இந்த நோட்டை ஆசிரியையே திறப்பதில்லை.

ஜூலை 25. எனக்குக் காய்ச்சல் என்று பள்ளியில் சீக்கிரம் விட்டார்கள். பள்ளி வேன் ஓட்டும் அப்பா பதினொரு குழந்தைகளையும் அவரவர் வீட்டில் இறக்கிவிட்ட பிறகு, காலி வேனில் நானும் அவரும் மட்டும் திரும்பிக்கொண்டிருந்தோம். பொரித்த தோஃபு விற்கும் கடைக்கு எதிரே உள்ள வளைவு. நடுரோட்டில் ஒரு சாம்பல் நிறப் பூனை உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்திருப்பார், வண்டியை ஒடிப்பார் என்று நினைத்தேன். அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் ஒடிக்கவில்லை. வண்டி ஒருமுறை ஏறி இறங்கியது.

“யாருடா இங்க புதுசா தூங்குற போலீஸ் போட்டது?” என்றார் அப்பா. “இடுப்பே போச்சு.”

தூங்குகிற போலீஸ் என்று எல்லோரும் சொல்லும் வேகத்தடை அந்த வளைவில் கிடையாது. என்றைக்குமே இருந்ததில்லை.

பூனையை ஏற்றிவிட்டால் ஓட்டியவர் வண்டியை நிறுத்த வேண்டும். தன் சட்டையைக் கழற்றி அதில் சுற்றிப் புதைக்க வேண்டும். இல்லையென்றால் விடாது. பால்வாடிப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். அப்பாவுக்குத் தெரியாதா? தெரிந்துதானே அப்படி ஒரு பொய் சொன்னார்?

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஏழு முறை. எண்ணினேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

காய்கறி வண்டி வந்தபோது வாசலில் பேச்சு. பக்கத்து வீட்டு பு காஸ்மிக்குக் காது ரொம்பக் கூர்மை.

“ஏன் முர்னி, உன் வீட்டுப் பூனை உன் புருஷனைக் கண்டா மட்டும் ஒப்பாரி வைக்குதே! கல்யாணத்துக்கு முன்னாடி அதுக்கு ஏதாவது சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தாரா?”

“எனக்குப் பண்ணின சத்தியத்தையே காணோம், பு காஸ்மி. இதுல அதுக்கு வேறயா?” என்றாள் அம்மா.

காய்கறிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பு காஸ்மி சிரித்து முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “விளையாட்டுக்குச் சொல்லல. வண்டி ஓட்டுற மனுஷன். எங்கயாவது பூனையை கீனையை ஏத்திட்டு, புதைக்காம வந்துட்டாரானு கேட்டுப் பாரு. இதுங்களுக்குள்ள சேதி போயிடும்.”

என் கையிலிருந்த கீரைக்கட்டு நழுவிவிட்டது. குனிந்து பொறுக்கினேன். நல்லவேளை, யாரும் முகத்தைப் பார்க்கவில்லை.

“அவரா? எறும்பு வரிசை போனாலே நின்னுட்டுப் போற ஆளு” என்றாள் அம்மா.

எனக்கும் போன மாதம் வரை அப்படித்தான் தோன்றியது.

ஆகஸ்ட் 10, சனி

நானே புதைத்துவிடலாம் என்று போனேன். அப்பாவின் பழைய நீலச் சட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு, வகுப்புத் தோழி ராத்ரியின் வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, சைக்கிளில். மேட்டில் பாதித்தூரம் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

ரோட்டில் ஒன்றுமில்லை. பதினாறு நாளாகிவிட்டதே, என்ன இருக்கும்? சாக்கடையில் தேடினேன். புல்லை விலக்கிப் பார்த்தேன். தோஃபு கடைக்காரம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

“என்ன தேடுற, ந்துக்?” என்றாள், சொந்த மகளைக் கூப்பிடுவது போல.

“பூனை. சாம்பல் நிறம்.”

“உன்னோடதா?”

ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். இன்னொரு பொய்.

“அடப் பாவமே. அந்த வாழை மரத்தடியில புதைச்சிருக்கேன் பாரு. என் வீட்டுக்காரரோட சட்டையில சுத்தித்தான் புதைச்சேன். ஏத்தினவன் நிக்கவே இல்ல. பட்டப்பகல்! நாங்க நாலு பேரு பாத்துக்கிட்டே இருக்கோம், பிரேக் சத்தமே கேக்கல. கண்ணு இருக்கிற எவனாவது அப்படிப் போவானா? குடிச்சிருப்பான்.”

வண்டி என்ன நிறம் என்று அவள் சொல்வதற்குள் கிளம்பிவிட நினைத்தேன். விடவில்லை. சூடாக ஒரு தோஃபுவைக் கையில் வைத்து, “சாப்பிடு, அழாத” என்றாள்.

யாரோ ஒருவருடைய சட்டையில் சுற்றிப் புதைத்தால் கணக்கில் வருமா? யாரிடம் கேட்பது?

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காலையில் அப்பாவின் செருப்புக்குள் செத்த பல்லி. செமோங்தான் கொண்டுவந்து வைத்தது, வாயில் கவ்விக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். அம்மாவின் செருப்பும் என்னுடையதும் பக்கத்திலேயே கிடந்தன. அவற்றைத் தொடவில்லை.

அப்பா அதற்குள் காலை விட்டார். பல்லி நன்றாகத் தெரியும்படிதான் கிடந்தது. காலை எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, “ஈரமா இருக்கே, என்னது?” என்றார் என்னிடம்.

“பல்லி.”

“ஓ.”

அவ்வளவுதான். செருப்பைத் தட்டிவிட்டுக் குழந்தைகளை ஏற்றப் போய்விட்டார். எப்படி இவ்வளவு சாதாரணமாக இருக்கிறார்?

இன்னொன்று. செமோங் குட்டியிலிருந்தே நடைவழியின் நடுவில்தான் படுக்கும். இப்போது அங்கே படுப்பதே குறைந்துவிட்டது. வேன் சத்தம் கேட்டதும் எழுந்து அலமாரி மேல் ஏறிக்கொள்கிறது.

ஆகஸ்ட் 14, புதன்

ராத்ரி வீட்டில் ஒன்பது பூனைகள். அவள் சட்டையில் எப்போதும் முடி ஒட்டியிருக்கும். இடைவேளையில் அவளிடம் கேட்டேன். எங்கள் பூனை என்று சொல்லவில்லை, அத்தை வீட்டில் என்று மாற்றிச் சொன்னேன்.

“ஒரு ஆளைப் பாத்தா மட்டும் ஏன் கத்துது? பேய் கீய் தெரியுமோ?”

“போடி. எங்க வீட்டுல ஒன்பது இருக்கு. ஒண்ணுக்கொண்ணு மூஞ்சியை மோந்துக்கும், சீறும், அடிச்சுக்கும். ஆனா பெரிய பூனை இன்னொரு பெரிய பூனையைப் பாத்து மியாவ்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. மியாவ் நமக்குத்தான். மனுஷங்க மண்டு, காது வழியா சொன்னாத்தான் புரியும்னு அதுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“அப்போ என்ன சொல்லுது?”

“எனக்கென்ன தெரியும்? சோறு போடுங்கும். கதவைத் திறங்கும். நான் இங்க இருக்கேன், பாத்து வாங்கும். உங்க மாமா அதோட வாலை மிதிச்சிருப்பாரு.”

“தெரியல.”

“ரெண்டு வாட்டி மிதிச்சிருப்பாரு” என்றாள் ராத்ரி. “ஒரு வாட்டி மிதிச்சா அதுங்க மன்னிச்சிடும்.”

ஆகஸ்ட் 15, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது.

சாயங்காலம் அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் என் அறையில் விளக்கைப் போடாமல் படுத்திருந்தேன். நான் வீட்டில் இருப்பது அப்பாவுக்குத் தெரியாது. கதவு இடுக்கு வழியாக நடைவழி தெரிந்தது. அலமாரி மேலிருந்த செமோங் எப்போது இறங்கியதோ, பழைய இடத்திலேயே கறுப்புத் தரையில் படுத்திருந்தது.

அப்பா எழுந்தார். செமோங் தலையைத் தூக்கியது. அவர் ஓர் அடி வைத்தார். அது கத்தியது. அவர் உடனே நின்றார். வலது காலைத் தரையோடு தேய்த்து மெதுவாக முன்னால் நீட்டினார், ஆற்றில் ஆழம் பார்ப்பது போல. செமோங் மறுபடி கத்தியது. கால் அதன் வயிற்றைத் தொட்டது.

“சரி சரி, இங்கதான் இருக்கியா? தெரிஞ்சுது, தெரிஞ்சுது” என்றார் மெல்ல. சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனார்.

சுற்றிப் போன பிறகு அது கத்தவில்லை.

அது திட்டவில்லை. சாபமும் இல்லை, சேதியும் வரவில்லை. தான் எங்கே இருக்கிறோம் என்று சொல்கிறது. ஏனென்றால் அவருக்குத் தெரியவில்லை.

அப்படியானால் அன்றைக்கு—

அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே தூங்குகிற போலீஸ் என்றுதான் நினைத்திருக்கிறார்.

நாளைக் காலை ஐந்தரைக்குப் பதினொரு குழந்தைகளை ஏற்றப் போகிறார். சாபமாகவே இருந்திருக்கலாம். சாபம் என்றால் எங்கள் வீட்டோடு போயிருக்கும்.

ஆகஸ்ட் 17, சனி

சுதந்திர தினம். தெரு முழுக்க நாட்டுக் கொடியின் சிவப்பு வெள்ளைத் தாள். கண்ணைக் கட்டிக்கொண்டு, கயிற்றில் தொங்கும் தண்ணீர்ப் பையைக் கம்பால் அடிக்கும் போட்டியில் அப்பாதான் ஜெயித்தார். ஒரே அடி. மற்ற ஆண்கள் எல்லாம் எங்கெங்கோ போய் காற்றை அடித்தார்கள், ஒருவர் தெருத் தலைவரின் நாற்காலியையே அடித்தார். அப்பா மட்டும் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு நேராக நடந்தார்.

“பாக் கியார்தோ திருட்டுத்தனமா பாக்குறாரு! துணியை அவுத்துப் பாருங்கப்பா!” என்று கத்தினார்கள்.

“எனக்கு எதுக்குக் கண்ணு? அதெல்லாம் உங்களுக்குத்தான்” என்றார் அப்பா. எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாவும்தான்.

நான் தட்டவில்லை. எத்தனை நாளாக இப்படி எண்ணி எண்ணி நடக்கிறார்?

ஆகஸ்ட் 19, திங்கள்

இனி சைக்கிள் வேண்டாம், வேனிலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கால் வலிக்கிறது என்று காரணம். அப்பா ஒரு நொடி யோசித்துவிட்டு, “சரி, முன் சீட்டுல உக்காரு” என்றார்.

“அந்த ஆட்டுக்குட்டி எவ்வளவு அழகா இருக்கு பாருங்கப்பா, இடது பக்கம், ரோட்டு மேலயே!”

“ஐயோ, யாரோ செங்கல்லை இங்க போட்டுட்டுப் போயிருக்காங்க.”

“கோழி.”

பின்னாலிருந்து குழந்தைகளும் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். “கோழி! ஆடு! பாட்டி!” ஏதோ விளையாட்டு என்று நினைக்கிறார்கள்.

ஆகஸ்ட் 21, புதன்

நாலரைக்கு எழுகிறேன். வழி முழுக்கக் கண் கொட்டுவதில்லை. பள்ளியில் இறங்கும்போதே நாள் முடிந்துவிட்டது போல இருக்கிறது.

மதியம் அவர் குழந்தைகளைத் திரும்பக் கொண்டுபோகும் நேரத்தில் நான் கணக்குப் பாடத்தில் இருக்கிறேன். அந்த ஒரு மணி நேரம் கரும்பலகை தெரிவதில்லை, கடிகாரம் மட்டும்தான். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வகுப்பில் தூங்கிவிட்டேன். மேஜையில் எச்சில். ராத்ரி துடைத்துவிட்டாள். “என்னடி, ராத்திரியெல்லாம் எலி பிடிக்கப் போறியா?” என்றாள்.

சொல்லிவிடலாம் போலிருந்தது. சொல்லவில்லை. ராத்ரியின் சின்னத் தங்கையும் எங்கள் வேனில்தான் வருகிறாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நான் தூங்கிவிட்டேன்.

இரண்டே நிமிடம் இருக்கும். மரவள்ளித் தோட்டத்துப் பக்கம், எப்போதும் நிறுத்தும் இடம். இரண்டு குழந்தைகள் ஏறிவிட்டார்கள். கதவு மூடும் சத்தம் கேட்டு அப்பா வண்டியை எடுத்திருக்கிறார். திவி இன்னும் ஏறவில்லை. ஐந்து வயது. தண்ணீர் பாட்டில் உருண்டு வண்டிக்கு முன்னால் போய்விட்டது என்று எடுக்க ஓடியிருக்கிறாள்.

பின்னாலிருந்து பத்துப் பேரும் “திவி! திவி!” என்று அலறினார்கள். அந்த விளையாட்டுத்தான் என்று நினைத்து ஒருத்தி சிரித்துக்கொண்டே அலறினாள். நான் கண்ணைத் திறந்தபோது பிரேக் போட்டாயிற்று. கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியவில்லை. பிறகு வண்டியின் மூக்குக்குக் கீழிருந்து ஒரு கை பாட்டிலைத் தூக்கிக் காட்டியது.

“பிடிச்சுட்டேன்!” என்றாள்.

அப்பாவின் கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை. நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

சாயங்காலம் வேனைக் கழுவக் கூப்பிட்டார். அம்மாவுக்குக் கேட்காத தூரம்.

“எத்தனை நாளா தெரியும் உனக்கு?”

“பதினைஞ்சாம் தேதியிலேர்ந்து.”

துணியைப் பிழிந்தார். பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தார்.

“தூரத்துல எல்லாம் நல்லா தெரியுது, ந்துக். மேலயும் தெரியுது. கீழதான். வண்டிக் கண்ணாடியோட கீழ்ப்பாதியில யாரோ கஞ்சித்தண்ணி ஊத்தின மாதிரி. முதல்ல கொஞ்சமாத்தான் இருந்துச்சு.”

“அன்னைக்கு, தோஃபு கடைகிட்ட ஏறினது பூனைப்பா.”

குழாய்த் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

“தூங்குற போலீஸ் இல்லையா?”

“இல்லப்பா.”

“பூனையா…” என்றார். மறுபடியும், “பூனையா…”

அதற்குப் பிறகாவது நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் குழாயை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். “டிசம்பர் வரைக்கும்தான். இந்தப் பருவம் முடியட்டும். நீ பக்கத்துல இருந்தாப் போதும். அம்மாகிட்ட வேண்டாம். பதினெட்டு வருஷமா ஓட்டுறேன், ந்துக். ஓட்டாம நான் என்ன பண்ணுவேன், சொல்லு?”

என்னிடம் இதுவரை அவர் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு அசதியாக இருக்கிறது. நேற்று நான்தான் தூங்கினேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலை ஐந்து மணி. அப்பா வெளியே வேனை உறுமவிட்டு எனக்காகக் காத்திருந்தார். அம்மா காலைச் சாப்பாட்டுக்குத் தெம்பே பொரித்துக்கொண்டிருந்தாள். நான் பையை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் நின்றேன். எப்படிச் சொல்வது என்று இரவெல்லாம் யோசித்து வைத்தது எதுவும் வரவில்லை.

“அம்மா, அப்பாவுக்குக் கீழ இருக்கிறது தெரியல.”

“கீழன்னா?”

“திவி உயரம்.”

அம்மா என்னைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். கையைக்கூடத் துடைக்காமல் வெளியே போனாள். வேன் கதவைத் திறந்து, அப்பாவுக்குக் குறுக்கே கையை நீட்டிச் சாவியைத் திருகி எடுத்தாள். திடீரென்று தெருவே அமைதியாகிவிட்டது.

“இறங்குங்க, மாஸ்.”

“முர்னி, பிள்ளைங்க காத்துக்கிட்டிருப்பாங்க—”

“நான் போய்ச் சொல்லிக்கிறேன். இறங்குங்க.”

அப்பா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் கதவருகில்தான் நின்றேன். அந்தத் தூரம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

அம்மா பதினொரு வீட்டுக்கும் நடந்தே போனாள். என்ன சொன்னாள் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. திரும்பி வந்தபோது முழங்கால் வரை சேறு. திவியின் வீட்டில் மட்டும் ரொம்ப நேரம் நின்றாளாம். அங்கே அவளோடு யாரும் பேசவில்லையாம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

அப்பா என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட, அது என் கைக்குப் பக்கத்தில் இருந்தாலும், அம்மாவிடம் கேட்கிறார்.

நான் பன்னிரண்டு மணி நேரம் தூங்கினேன். எழுந்தபோது வெட்கமாக இருந்தது.

செப்டம்பர் 4, புதன்

அம்மாவின் தங்கை விஜி வேனை ஓட்டுகிறாள். முட்டைக்கோசு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவள். காரணமே இல்லாமல் ஹாரன் அடிக்கிறாள். ஏழு குழந்தைகள்தான் திரும்ப வந்திருக்கிறார்கள். திவி வரவில்லை.

பு காஸ்மி வாசலில் நின்று, “பாத்தியா, நான் அன்னைக்கே சொன்னேன், பூனைப் பாவம்னு” என்றாள்.

“ஆமாம், பு காஸ்மி” என்றாள் அம்மா. விளக்கம் சொல்லும் தெம்பு அவளுக்கு இல்லை.

செப்டம்பர் 9, திங்கள்

கண் மருத்துவமனைக்கு அப்பாவும் அம்மாவும் போய் வந்தார்கள். போன பார்வை போனதுதானாம். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். காலையிலும் இரவிலும் சொட்டு மருந்து, உயிரோடு இருக்கும்வரை. இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் மேல்பாதியும் போயிருக்கும் என்றாராம் டாக்டர்.

“உங்களுக்கு முதல்ல எப்படித் தெரிஞ்சுதுன்னு டாக்டர் கேட்டாரு” என்றாள் அம்மா, பாத்திரம் கழுவிக்கொண்டே. “எனக்குத் தெரியுமுன்னாடி எங்க வீட்டுப் பூனைக்குத் தெரிஞ்சுதுன்னு சொல்றாரு உங்கப்பா. டாக்டர் சிரிச்சாரு. இவரு சிரிக்கல.”

பூனைக்கு அப்புறம் யாருக்குத் தெரிந்தது என்று அப்பா சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்றும் ஒன்றும் பேசவில்லை. பதினெட்டாவது நாள்.

செப்டம்பர் 21, சனி

செமோங் இன்று குளியலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது. சுவரில் ஒன்றுமில்லை. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. அதற்கும் ஏதாவது வேலை இருக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா பக்கத்துத் தெருவில் பிரார்த்தனைக்குப் போயிருந்தாள். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா மருந்து பாட்டிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். முகத்துக்கு மேலே தூக்கிப் பார்த்தார். பிறகு என் நோட்டின் மேல், நான் எழுதிக்கொண்டிருந்த வரியின் மேலேயே, அதை வைத்தார்.

“இதுல எத்தனை சொட்டுன்னு போட்டிருக்கு?”

“ஒரு கண்ணுக்கு ஒண்ணுப்பா.”

“ம்.”

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தலையைப் பின்னால் சாய்த்தார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டார்.

“கை நடுங்காமப் போடு, ந்துக்.”